புளி போட்டு விளக்கிய வெள்ளி

காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குப் பூஜை அறையில் நான் முதலில் பார்த்தது, குத்துவிளக்கின் அடியில் மஞ்சள் குங்குமத்துடன் மின்னிய இரண்டு வெள்ளி நாணயங்கள். நாணயம் சேகரிப்பவர்களுக்கென்று நாணயச்சாலை குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட செட்டில் இருந்தவை அவை. எழுபதுகளின் கடைசியில், அஸ்தம்பட்டி வாடகை வீட்டில் அந்த செட்தான் எங்கள் சேமிப்பு. அதை விற்று மகளைத் தட்டச்சு வகுப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தேன். வாங்குபவர் அன்றுதான் வருவதாக இருந்தார்.

“வெள்ளிக்கெழமைன்னு வெளக்கோட சேத்துப் புளி போட்டு வெளக்கினேனுங்க. பளிச்சுன்னு இருந்தா வெல கூடாதுங்களா?” என்றாள் மனைவி.

கண்ணாடிபோல் இருந்த பரப்பெங்கும் மெல்லிய கீறல்கள். இனி அவை வெள்ளியின் எடைக்குத்தான் போகும்.

செட்டை வாங்கப் பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்த வெற்றிலை விவசாயி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“புளிதானுங்களே, தேவலீங்க. எங்க ஊட்டுல இதே செட்டுல இருந்த அம்பது காச எடுத்துக் கோயில் உண்டியல்ல போட்டுட்டாங்க. அந்த ஒத்தக் காசு இல்லாம மத்ததுக்கும் வெல இல்லீங்க.”

எங்கள் ஐம்பது காசு செட்டின் பெட்டியிலேயே இருந்தது. புளி அதைத் தொடவில்லை. விளிம்பைப் பிடித்து அதை மட்டும் எடுத்துப் பஞ்சில் சுற்றிக்கொண்டார். முழு செட்டுக்குப் பேசியிருந்த விலையில் பாதியைத் தந்தார்.

“உண்டியல் இருக்கற பக்கம் கொண்டு போயிராதீங்க” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

திங்கட்கிழமை, காலை ஏழு மணி வகுப்பில் மகளுக்கு இடம் கிடைத்தது.