பலகைக்கு அடியில் ஒரு புள்ளி

வடக்கே பனி கொட்டும் கஜானி ஊரில், சவுனா எனும் நீராவிக் குளியல் அறைகளுக்குள் ஒளியை ஒளித்து வைப்பதுதான் ரைலியின் பிழைப்பு. மேலே அடிக்கும் சூட்டில் பட்டை விளக்கு தாங்காது. அதனால் உட்காரும் பலகைகளுக்கு அடியில் எல்.இ.டி. பட்டையை ஒட்டுவார்கள். வெளிச்சம் தெரியலாம், விளக்கு தெரியக் கூடாது. ஒரு புள்ளி எட்டிப் பார்த்தாலும் வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அறுபத்தோரு வயதுக்குள் தவழ்ந்து தவழ்ந்தே அவளுடைய முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின.

அவள் வீட்டுச் சவுனாவில் மட்டும் அழுக்கேறிய குண்டு பல்பு ஒன்று. நாளெல்லாம் தவழ்ந்துவிட்டு வந்து வீட்டிலும் யார் தவழ்வது?

ஆகஸ்டில் அவள் கணவன் தவுனோ அந்தச் சவுனாவின் மேல்பலகைக்கு ஏறும் படியில் தடுக்கி விழுந்தான். கண் மங்கி வருவதை அவன் மறைத்து வைத்திருந்தான். அதன்பின், வழக்கமாக இருவரும் சேர்ந்து குளிக்கும் சனிக்கிழமைகளில்கூட அவன் சவுனா பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. நாற்பது வருஷமாக அவர்கள் மனம்விட்டுப் பேசிய ஒரே இடம் அந்த மேல்பலகை. இப்போது வீடே ஊமையாகிவிட்டது. வேலையை விட அதுதான் அவளை அதிகம் களைக்க வைத்தது.

"படிக்கு ஒரு லைட்டு போடட்டுமா?"

"என்னைக் குருடன்னு சொல்றியா? நான் அடிச்ச பலகை அது. கண்ண மூடிக்கிட்டே ஏறுவேன்."

"அப்ப ஏறேன்."



நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து, வேலையில் மிஞ்சிய பட்டையோடு உள்ளே தவழ்ந்து, பலகைக்கும் படிக்கும் அடியில் ஒட்டினாள். கடைசி மூலையில் விளக்குப் புள்ளியை மறைக்கும் மூடி போடக் கை எட்டவில்லை. முழங்கால் கெஞ்சியது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அடுப்பை மூட்டிவிட்டு, "வர்றியா, இல்ல நான் தனியாத்தான் வேகணுமா?" என்றாள்.

அவன் கதவருகே வெகுநேரம் நின்றான். பிறகு சுவரைப் பிடிக்காமலே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுப்பின் மேல் காய்ந்த கல்லில் நீர் ஊற்றினான். ஆவி சீறியது.

"அடுப்பு இன்னிக்கு நல்லா எரியுதுல்ல?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"அடுப்பா? மூலையில ஒரு புள்ளி பல்லைக் காட்டுது. ஊருக்கெல்லாம் ஒழுங்கா ஒளிச்சு வெக்கிறவ, சொந்த வீட்டுல இந்த லட்சணமா?"

அவள் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு மூடிடறேன். இன்னிக்கு முடியல தவுனோ. நிஜமாவே முடியல."

"மூடாத," என்றான். "அதப் பாத்துதான் ஏறினேன்."