செருப்பு போன பக்கம்

எங் கை ஒடஞ்ச கதைய எங்க ஊர்ல கேக்காத ஆளு கெடையாது. வலது கை மணிக்கட்டு. இப்பவும் தென்ன மட்டய புடிச்சி இழுத்தா சுர்ருங்கும். பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி வடக்கனந்தல்ல எம் மச்சான் நெலத்த ஒட்டி அரக்காணி குத்தகைக்கு பண்ணிக்கினு இருந்தேன். மச்சான்னா எம்பொஞ்சாதிக்கு கூடப்பொறந்த அண்ணன். மீச இருக்கும் பாருங்க, ஆலைக்கு கரும்பு ஏத்திக்கினு போற டிராக்டர் மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கும். எதுக்க வந்தா நாமதான் ஒதுங்கணும்.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், கை. வாய்க்கா மடத் தண்ணிக்கு சண்ட, யாரு மொதல்ல பாய்ச்சறதுன்னு. மழ பேஞ்சி வரப்பு வழவழன்னு கெடக்குது. நானும் அவரும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுக்கினு கத்தறோம். அவரு கைய நீட்டி இன்னாவோ சொன்னாரு. அடுத்த நிமிசம் நான் மல்லாக்க கெடக்கறேன், மணிக்கட்டு வேற பக்கம் பாத்துக்கினு இருக்குது. எடது கால் செருப்ப காணோம். தேடுனா, அது மச்சான தாண்டி அவரு நெல்லுக்குள்ள கெடக்குது.

"செருப்பு தெறிக்க தள்ளிட்டான்"னு ஊரக் கூட்டுனேன். பஞ்சாயத்துல அந்த செருப்ப தூக்கி காட்டுனேன். மச்சான் "நான் தொடவே இல்ல"ன்னு மூணு வாட்டி சொன்னாரு. செருப்பே சாட்சி சொல்லும்போது மீச சொல்றது எடுபடுமா? மன்னிப்பு கேக்க வச்சிட்டாங்க.

எம்பொஞ்சாதி அன்னைக்கே சொல்லிட்டா, "புருசன் கைய ஒடச்சவன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்"னு. மிதிக்கல. பொங்கலுக்கு பொறந்த வூட்டு சீரும் நின்னு போச்சு. அண்ணன் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு வடக்கனந்தல் பஸ்ஸு நிக்கற எடம் வரைக்கும் போயி, மேளச் சத்தத்த கேட்டுட்டு திரும்பி வந்தா, பஸ்ஸுல வந்தவங்க பாத்துட்டு சொன்னாங்க. எங்க போனன்னு கேட்டா, "வெத்தல வாங்க"ன்னா. எங்க வூட்ல யாருக்கும் வெத்தல போடற பழக்கமே கெடையாது.

போன வருசம் கைவலி ஜாஸ்தியாயி கள்ளக்குறிச்சிக்கு போனேன். அங்க ஒரு டாக்டரம்மா, "பெரியவரே, பழைய அடி பட்டவங்க ரெண்டு மூணு பேர் வேணும், ஒரு வகுப்புக்கு வர்றீங்களா?"ன்னாங்க. டாக்டருங்க, போலீஸ்காரங்க, இன்சூரன்ஸ்காரங்க எல்லாருக்கும் அந்தம்மாதான் டீச்சராம். ஒருத்தனுக்கு அடி எப்படி பட்டுச்சு, தள்ளுனாங்களா, தானா வுழுந்தானான்னு ஒடம்பு அசைவ வச்சி கணக்கு போட்டு கண்டுபுடிக்கற படிப்பாம். நான் பள்ளிக்கூடத்து பக்கம் மழைக்குகூட ஒதுங்காதவன். என்ன வச்சி டாக்டருங்க படிக்கறாங்கன்னா வுடுவனா? பொஞ்சாதியும் தொணைக்கு கெளம்பிட்டா.

சட்டய கழட்டச் சொல்லி ஒடம்பெல்லாம் பளபளன்னு சின்னச் சின்ன உருண்டய ஒட்டுனாங்க. அம்ம போட்டவன் மாதிரி ஆயிட்டேன். சுத்தி கேமரா, ஒடம்பு அசையறத அளக்கற மெஷினாம். எனக்கு முன்னாடி கல்வராயன் மலயிலேருந்து ஒருத்தரு வந்திருந்தாரு, கடுக்கா மரத்துலேருந்து வுழுந்தவரு. அவரு சொல்ற மரத்துக்கும் அவரு சம்சாரம் சொல்ற மரத்துக்கும் பாதிக்கு பாதி ஒசரம் வித்தியாசம். பாவம், ஊர்ல இன்னா சொல்லிக்கினு திரிஞ்சாரோன்னு சிரிச்சேன். அடுத்தது நானு.

"பின்னாடி எத்தன அடி போனீங்க?"ன்னு படிக்க வந்த ஒரு போலீஸ்காரரு கேட்டாரு.

"ஒரு அடிகூட போவல. நின்ன எடத்துலயே பொத்துன்னு."

"செருப்பு?"

"முன்னாடி பறந்துச்சு. அவ்ளோ வேகமா தள்ளுனாரு!"ன்னு நெஞ்ச நிமித்தி சொன்னேன்.

எழுதிக்கினு இருந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேனாவ நிறுத்துனாங்க. டாக்டரம்மா மட்டும், "செஞ்சே பாத்துடலாம்"னாங்க.

அந்த போலீஸ்காரருக்கு ரப்பர் செருப்பு மாட்டி, மெத்த போட்டு, ஒரு டாக்டர் தம்பி அவரு நெஞ்சுல கைய வச்சி தள்ளுனாரு. அவரு ஒண்ணு ரெண்டு மூணு அடி பின்னாடி தடுமாறி போயிதான் வுழுந்தாரு. செருப்பு ரெண்டும் கால்லயே கெடக்குது. மறுபடி தள்ளுனாங்க. மறுபடி அப்படியே.

அப்பறம் ஒரு ஷீட்ட விரிச்சி சோப்பு தண்ணி ஊத்தி அதுமேல நடக்க வுட்டாங்க. குதிகாலு வச்சாரோ இல்லியோ, சர்ருன்னு காலு முன்னாடி போச்சு, அந்தாளு நின்ன எடத்துலயே பொத்துன்னு ஒக்காந்தாரு, கை பின்னாடி ஊணுச்சு. எடது கால் செருப்பு பறந்து போயி, ஓரமா ஒக்காந்திருந்த எம்பொஞ்சாதி மடியில வுழுந்துச்சு.

டாக்டரம்மா பாடம் எடுக்கறாங்க. "தள்ளுனா ஆளு பின்னாடி போவான். வழுக்குனா காலு முன்னாடி போவும். பெரியவர யாரும் தள்ளுன மாதிரி தெரியல."

பொஞ்சாதி செருப்ப பாத்தா. என்ன பாத்தா. எந்திரிச்சி போயி அத போலீஸ்காரருகிட்ட குடுத்துட்டு வந்தா. மத்தியானம் நல்ல சாப்பாடு, அவ கையகூட நனைக்கல. நான் தின்னேன், பொய் சொல்லக்கூடாது. பஸ்ஸுல கண்டக்டரு வந்ததும், எனக்கு முன்னாடி அவ சொன்னா, "வடக்கனந்தல் ரெண்டு."

மச்சான் வாசல்ல கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. மீச வெள்ளயாயிடுச்சு, தொங்கறது மட்டும் கொறயல.

"இன்னா மாப்ள, வழி தப்பி வந்துட்டியா?"

"மச்சான், நீங்க என்ன தள்ளல."

மீச துடிச்சுது. "எவன் சொன்னான்?"

"மெஷினு. வரப்பு வழுக்கி நானாத்தான் வுழுந்திருக்கறேன்."

"மெஷினுக்கு இன்னா தெரியும்? நாந்தான் தள்ளுனேன், ஒத்தக் கையில! இந்த ஊரு டீக்கடயில எனக்கு பெஞ்சுல எடம் வுடறாங்கன்னா அதுக்குத்தான்!"

"நீங்கதான மூணு வாட்டி தொடவே இல்லன்னீங்க?"

"சொன்னேன். நீ நம்புனியா?" வாசப்படிக்கு வெளியிலயே நின்னுக்கினு இருந்த தங்கச்சிய கைய காட்டுனாரு. "இவ நம்புனாளா? எவனும் நம்பல. சரி, தள்ளுனவனாவே இருந்துட்டு போறேன்னு வுட்டுட்டேன்."

அவ முந்தானயால மூஞ்ச தொடச்சிக்கினு படிய தாண்டி உள்ள போயிட்டா. கொஞ்ச நேரங்கழிச்சி உள்ளேருந்து சத்தம் வருது, "அண்ணி, இன்னா கொழம்பு?" தட்டு எடுத்து வைக்கற சத்தம்.

நான் மச்சான கையெடுத்து கும்புட பாத்தேன். மணிக்கட்டு மடங்காம பாதியிலயே நின்னுடுச்சு. அவரு அத பாத்தாரு.

"போதும், கைய எறக்கு. வந்து சோறு துன்னு"ன்னு எந்திரிச்சாரு. "செருப்ப மட்டும் பத்தரமா வுட்டுட்டு வா மாப்ள. தொலஞ்சிதுன்னா அதுக்கும் எம்மேல பஞ்சாயத்து வைப்ப."