ஜெர்மனிக் கட்டிலுக்கு ஒரு மெத்தை

என் மகளுக்கு நான்கு மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஜெர்மனியிலிருந்து அவளுக்கு ஒரு கட்டில் வந்தது. அனுப்பியவர் என் நாத்தனார். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறார். நாங்கள் அப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊரில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. பார்சல் கள்ளக்குறிச்சி வரைதான் வந்தது. அவர் போய் ஒரு சரக்கு வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டிக்குள் பலகைகள், ஒரு பை நிறைய திருகாணிகள், எங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவர் பூட்டி முடித்தார். நாலு பக்கமும் மரக்கிராதி வைத்த குழந்தைக் கட்டில். மெத்தை மட்டும் இல்லை. அதையும் சேர்த்து அனுப்பினால் கூலி தாங்காது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாத்தனார் போனில் சொல்லியிருந்தார்.

அந்தக் கட்டில் எங்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இவளுக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் பிறந்தான். எழுபது நாள் இருந்தான். ஒரு மத்தியானம் பால் கொடுத்து ஏணையில் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது புடவை ஏணை அசையாமல் தொங்கியது. உள்ளே அவன் சில்லிட்டுக் கிடந்தான். காரணம் இதுதான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில குழந்தைகளுக்கு அப்படி நேர்ந்துவிடும், உன் தப்பு இல்லை என்றார் டாக்டரம்மா. நான் நம்பவில்லை.

இவள் பிறந்த பிறகு வீட்டில் ஏணை கட்ட நான் விடவில்லை. தரையில் போடவும் பயம். மழை பிடித்தால் சுவரோரம் பூரான் ஊரும் வீடு அது. பெரிய கட்டிலில் எங்கள் நடுவில் போட்டால் தூக்கத்தில் நசுக்கிவிடுவோமோ என்று பயம். நாலு மாதமும் சுவரில் சாய்ந்து, மடியில் அவளை வைத்துக்கொண்டே கண் மூடினேன். அவள் தூங்கினால் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பேன். அடுத்த நிமிடம் மறுபடியும் நீட்டுவேன். அவள் விழித்து அழுதால்தான் எனக்கு மூச்சு வரும். குழந்தை தனியாக, மல்லாக்க, கெட்டியான மெத்தையில் படுக்க வேண்டும், பக்கத்தில் துணியோ தலையணையோ கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுத்தான் நாத்தனார் அந்தக் கட்டிலை அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை கணவர் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு மெத்தை வாங்கிவந்தார். நாலடிக்கு இரண்டடி. குழந்தைக்கென்று அந்த ஒரு அளவுதான் கடையில் இருந்ததாம். கட்டிலில் போட்டால் பக்கவாட்டில் நாலு விரலுக்கு மேல் இடம் மிஞ்சியது. கால்மாட்டில் ஏறக்குறைய ஒரு சாண். அவர் என் பழைய புடவைகள் இரண்டை இறுகச் சுருட்டி அந்தச் சந்துகளில் திணித்தார். துணி கூடாது என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் கால் நீட்டிப் படுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். மகளைப் படுக்கவைத்துவிட்டு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அவ்வளவு நேரம்தான். திரும்பிப் பார்த்தால் கிராதி வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த வாரம்தான் அவள் குப்புற விழக் கற்றிருந்தாள். சுருட்டிய புடவை எப்படியோ கால்பக்கம் நகர்ந்துபோய், அந்தச் சந்துக்குள் அவள் முகம் இறங்கியிருந்தது. ஒரு கை மட்டும் மெத்தையைப் பிராண்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மலைக்கார அம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்ததால் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் வரும்போது குழந்தை என் கையில் இருந்தாள். உதடு நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். பிறகு அவள் அழுதாள். நான் பதறி அவளைத் தோளில் போட்டு அமர்த்தப் பார்த்தேன்.

"அழுவட்டும், அமத்தாத," என்றார் அந்த அம்மா. "அழுவுறதுதான் இப்ப வோணும்."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு பேரும் ஓடினோம். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, மூச்சு நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் இங்கேயே இரு என்றார்கள். மகளின் கன்னத்தில் மெத்தையின் தையல் பதிந்து ஒரு கோடு கிடந்தது. அது மறையும்வரை நான் வேறெதையும் பார்க்கவில்லை.

செய்தி கேட்டு வந்த கணவர் வீட்டுக்குப் போனதும் திருப்புளியை எடுத்துக் கட்டிலின் முன்னால் குந்தினார்.

"இது வோணாம். கயட்டி எறிஞ்சிட்றேன்."

"கட்டிலு இன்னாங்க பண்ணும்?" என்றேன். "கயட்டிட்டா புள்ளய எங்க போட்றது, அத சொல்லுங்க."

அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலோடு வந்த தாளைப் போட்டோ எடுத்துத் தன் அக்காவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரே கூப்பிட்டார். தாளைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மெத்தைக்கும் கட்டைக்கும் நடுவுல மூணு சென்டிமீட்டருக்கு மேல எடம் இருக்கக் கூடாதுன்னு போட்டுருக்குதும்மா. நான் பொட்டியப் பிரிச்சுகூடப் பாக்கல."

கட்டில் காலின் உட்பக்கம் ஒரு கோடு இருக்கும், மெத்தையின் உயரம் அதைத் தாண்டினால் குழந்தை எழுந்து நிற்கும் வயதில் கிராதியைத் தாண்டி விழும் என்றும் அந்தத் தாளில் இருந்தது. அந்தக் கோட்டை நாங்கள் முன்பே பார்த்திருந்தோம். வழியில் ஏதோ உராய்ந்த கீறல் என்று நினைத்திருந்தோம்.

அவர் பள்ளிக்கூடத்து அளவுகோலை வாங்கிவந்து அளந்தார். நீளம் நூற்று நாற்பது சென்டிமீட்டர், அகலம் எழுபது. அந்தக் கோட்டின் உயரத்தையும் குறித்துக்கொண்டார். எண்ணை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. செய்தித்தாள்களை மைதாப் பசையால் ஒட்டி, கட்டிலுக்குள் விரித்து, ரவிக்கைக்கு வெட்டுவதுபோல விளிம்போடு வெட்டி எடுத்தேன்.

மறுநாள் மகளையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் மலையிலிருந்து இறங்கினோம். அடிவாரத்துக் கச்சிராயப்பாளையம் வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவள் தலையை என் தாடையால் பிடித்திருந்தேன். கள்ளக்குறிச்சியில் முதல் கடைக்காரர் இந்த அளவுக்குச் சொல்லி வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார். இரண்டாவது கடையில் பஞ்சுபோன்ற ஃபோம் மெத்தையைக் காட்டினார்கள். கையை வைத்து அழுத்தினேன். விரல் பதிந்த குழி மெதுவாகத்தான் மேலே வந்தது. என்ன தோன்றியதோ, மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க அந்த மெத்தையில் குப்புறப்படுத்து முகத்தைப் புதைத்தேன். மூச்சு இழுத்தால் துணிதான் வாய்க்குள் வந்தது.

"இன்னாம்மா, புள்ளைக்குத்தான கேட்டீங்க?" என்றார் கடைக்காரர். கணவர் என் தோளைத் தொட்டு எழுப்பி வெளியே அழைத்து வந்தார்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் நார் மெத்தை வெட்டி உறை தைப்பவர்கள். என் தாளை நார்ப் பலகைமேல் விரித்து மெத்தைக்காரர் கத்தியை எடுத்தார். அரை அங்குலம் குறைத்து வெட்டினால்தான் கட்டிலுக்குள் லேசாக இறங்கும் என்றார். குறைக்க வேண்டாம் என்றேன். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், அப்புறம் நுழையவில்லை என்று திரும்பி வருவார்கள் என்றார். நான் நேற்று நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தையல் மிஷின் நின்றது.

அவர் என் தாளைத் தடவிப் பார்த்தார். "பசை காஞ்சா தாளு சுருங்கும்மா. இத வெச்சி வெட்டக் கூடாது. அளவு எழுதியாந்தீங்களா?"

கணவர் எண்களைச் சொன்னார். டேப்பை வைத்துப் பார்த்தபோது என் தாள் நீளத்தில் ஒரு விரல் குறைவாக இருந்தது. அவ்வளவு கவனமாக வெட்டியதும் தப்பாகிவிட்டது. மெத்தைக்காரர் எண்களின்படி, ஒரு நூலளவு கூட்டியே வெட்டினார். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவரே கேட்டு, அதற்குக் கீழே நிற்கும்படி தேர்ந்தெடுத்தார். அவர் மனைவி உறையைச் சுருக்கமே விழாமல் இழுத்துத் தைத்தார்.

பேருந்தின் கடைசி இருக்கையோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மலை ஏறினோம். பனி இறங்கியிருந்தது. எதிரே வந்த வண்டியின் விளக்குகூடக் கடைசியில்தான் தெரிந்தது. வீட்டில் மெத்தையை முழங்காலால் அழுத்தித்தான் கட்டிலுக்குள் இறக்க முடிந்தது. அவர் நாலு பக்கமும் விரலைவிட்டுப் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். சுண்டுவிரல் நுனிதான் போயிற்று.

ஆனாலும் இரண்டு நாள் அந்த மெத்தை சும்மாவே கிடந்தது. மகளைக் குனிந்து கீழே விட என் கை வரவில்லை. சனிக்கிழமை காலை கணவர்தான் அவளை என் மடியிலிருந்து வாங்கிப் படுக்கவைத்தார். சற்று நேரத்தில் அவள் குப்புறத் திரும்பினாள். நான் கிராதியைப் பிடித்துக்கொண்டேன். அவள் தலையைத் தூக்கி, ஆட்டி, கன்னத்தை ஒரு பக்கமாக வைத்துத் தூங்கிப்போனாள்.

"நீ போய் சாப்புடு. நான் பாத்துக்கினுகீறேன்."

அடுப்படிவரை போய்த் திரும்பி வந்தேன். அவர் கிராதிக்கு மேலாகக் குனிந்து, குழந்தையின் முதுகுக்கு நேராகக் காதை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நானும் தெனம் கேட்டுக்கினுதான் கீறேன்," என்றார். "உங்கிட்ட சொன்னா இன்னும் பயந்துடுவன்னு சொல்லல."

மகன் போன நாளிலிருந்து அவர் என்னிடம் பயம் என்ற சொல்லையே சொன்னதில்லை. பயம் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதற்காக அவர்மேல் உள்ளுக்குள் கோபம்கூட இருந்தது.

அன்று மத்தியானம் அவர் கட்டிலருகில் உட்கார, நான் பக்கத்து அறையில் கால் நீட்டிப் படுத்தேன். விழித்தபோது மணி நாலு. பதறி எழுந்து ஓடினேன். மகள் எனக்கு முன்பே எழுந்து, அவர் மடியில் கிடந்து அவருடைய சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்தான் இறுக்கமாகத் தைத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.