இரண்டாம் மாடி காலிங் பெல்லும் கோமதி ஆன்ட்டியும்

நம் குடியிருப்பில் உள்ளோர்க்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: இரண்டாம் மாடி காலிங் பெல் ஓய்வு பெற்றது. வயது நான்கு. பேட்டரி கழற்றப்பட்டுவிட்டது.

நிஜச் செய்தியை எழுதக் கை வரவில்லை, அதனால் பெல்லில் ஆரம்பித்தேன். போன செவ்வாய்க்கிழமை சால்டரிங் ஈயம் வாங்கப் பாலக்கரை போயிருந்தபோது அப்பா போன் செய்தார். "கோமதி ஆன்ட்டி போயிட்டாங்கடா. மாரடைப்பு. உடனே வீட்டுக்கு வா."

"சும்மா சொல்றீங்களா?"

"இதுல விளையாட நான் என்ன, நீயா?"

ஆன்ட்டிக்குத் திருவெறும்பூர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை. அங்கே சந்தேகப்படச் சம்பளம். இங்கே இலவச சேவை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். என்னை வெளிச்சம் இல்லாமலே பார்ப்பார்.

ஒருநாள் இரண்டாம் மாடியில் தன் வீட்டு பெல்லின் பொத்தான் வேலை செய்யவில்லை என்று என்னிடம் தந்தார். கழற்றி, சிப்பின் ஒவ்வொரு உலோகக் காலிலும் கம்பி வைத்து லேப்டாப்பில் தேடினேன். நான்காவது காலில் சிக்னல் சிக்கியது: ஒல்லிக்கோடு, குண்டுக்கோடு என்று ஒரு வரிசை. வயர் இல்லாத பெல் அது; பொத்தான் காற்றில் அனுப்புவது இந்த வரிசையைத்தான், அது வந்தால் பெல் அடிக்கும். பொத்தானைச் சரிசெய்து கொடுத்தேன். வரிசையை நான் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே பெல் தானாக அடிக்க ஆரம்பித்தது. எல்லார் கண்ணும் என்மேல். ஆனால் அது அடித்த நேரத்தில் நான் ஸ்கூலில்! குடியிருப்பு மீட்டிங்கில் படம் போட்டே விளக்கினேன்: சிக்னல் கீழேயிருந்து, வாட்ச்மேன் ரூம் பக்கமிருந்து வருகிறது. வாட்ச்மேன் செல்வம் அண்ணனை வேலையைவிட்டு நிறுத்திவிடலாம் என்றார்கள். ஆன்ட்டி மட்டும் எழுந்தார்.

"அவர் அழுத்தினதை நீ பார்த்தியா, நினைச்சியா?"

"சிக்னல் வந்து..."

"பார்த்தியா?"

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். அதற்குள் பெல்லில்தான் கோளாறு, நான் சரிசெய்துவிட்டேன் என்று அறிவித்தேன். செல்வம் அண்ணன் வேலை தப்பியது. எனக்குக் கைதட்டல். உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாதது இது. அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே ஆன்ட்டி ஒரு தாளோடு முதல் மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். பெல் அடித்த நேரமெல்லாம் அதில் குறித்திருந்தார்.

"என் பெல் பேட்டரில ஓடுது. ஆனா கரண்ட் போயிட்டு வர்றப்ப மட்டும் அடிக்குது. உன் ரூம்ல கரண்ட் வந்ததும் முழிச்சுக்கிறது எது?"

அலமாரியில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. ஆன்ட்டியைக் கலாய்க்க, அந்தக் கோட்டு வரிசையை அனுப்புவதற்காக நான் செய்தது. சார்ஜரில் செருகியபடி மறந்துவிட்டேன். ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் சோதனைக்காக ஒருதரம் அனுப்பும்படி எழுதியிருந்ததும் மறந்துபோயிருந்தது.

"பெல் இனிமே தானா அடிக்காதுன்னு மட்டும் நான் சொல்றேன். மீதியைச் செல்வத்துக்கிட்ட நீயே சொல்லு." அவர் சொல்லும் முன்பே நான் முந்திக்கொண்டு, பெல்லில் கோளாறு என்று அறிவித்துவிட்டேன்.

பிறகு மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "சொல்லிட்டியா?" "நாளைக்கு ஆன்ட்டி."

அவர் குறித்த தாள் என்னிடம் இருக்கிறது. அந்தக் கேள்வியும் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

செல்வம் அண்ணே, இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி உங்கள் கையில்தான் தரப்போகிறேன். ஒட்டும் முன் படித்துவிடுங்கள். நான் கேட் பக்கம்தான் நிற்பேன்.