மிச்சம் விழுந்த ஆட்டம்

ஆர்லீன் கோஸ்ட்கா மில்வாக்கியின் தென்பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேஸ்பால் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் மூன்றாம் தளத்துக்கு நேர் எதிரே இரண்டு இருக்கைகள் அவருக்கும் ரூடி மெட்ஸ்கருக்கும் பொது. ரூடி குழாய் வேலை செய்பவர், வாயாடி. பருவம் முழுவதற்குமான சீட்டைத் தனியாக வாங்க இருவருக்கும் வசதி போதாது. அதனால் ஆண்டுதோறும் கூட்டாக வாங்கி ஆட்டங்களைப் பிரித்துக்கொண்டார்கள்.

உள்ளூர் ஆட்டங்கள் எண்பத்தொன்று. ஆளுக்கு நாற்பது போக ஒன்று மிச்சம் விழும். அதற்கு மட்டும் இருவரும் சேர்ந்து போவது வழக்கம். பெரும்பாலும் அது ஏப்ரல் குளிரில் யாருக்கும் வேண்டாத ஒரு செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

பங்கு பிரிப்பது மார்ச் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், லிங்கன் தெரு மூலை மதுக்கடையில். பொரித்த மீன், கம்பு ரொட்டி, ஆளுக்கொரு பிராந்தி. நடுவில் நாள்காட்டியை விரித்து, முறை வைத்து ஒவ்வொரு தேதியாகப் பேனாவால் வட்டமிடுவார்கள்.

அந்த ஆண்டு பேச்செல்லாம் எமிலியோ பான்டோஜாவைப் பற்றியே இருந்தது. மூன்றாம் தளத்தைக் காத்து நிற்கும் ஆட்டக்காரன். எட்டு ஆண்டுகளாக ஆர்லீனின் கண்ணுக்கு நேரே நின்றவன். பந்தைக் கோட்டை விட்டால் அவர்கள் வரிசையைப் பார்த்துத் தோளைக் குலுக்குவான். அந்தப் பருவத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. புதிதாக ஏழு ஆண்டுக்கு இருநூறு மில்லியன் டாலர் கேட்கிறான் என்று செய்தி.

"இருநூறு மில்லியன்! முப்பது வயசாச்சு அவனுக்கு," என்றார் ரூடி. "நாலு வருஷத்துல முட்டி தேஞ்சு உக்காந்துடுவான். மிச்ச மூணு வருஷம் உக்காந்தவனுக்குச் சம்பளமா?"

"உனக்குந்தான் முட்டி தேஞ்சு கெடக்கு. உன்னை யாரு வித்தா?"

"வாங்க ஆளு வேணுமே, அம்மணி. நான் சொல்றதக் கேளு. ஜூலைக்குள்ள டிரேடு பண்ணிடணும். பதிலுக்கு ரெண்டு இளவட்டப் பந்துவீச்சாளர் கிடைப்பானுங்க. சும்மா விட்டா டிசம்பர்ல ஓசியிலயே போயிடுவான்."

"அவன் போகமாட்டான். கையெழுத்துப் போடுவான், பாரு."

சொன்னாரே தவிர ஆர்லீனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். முன்பு லைல் பிரான்ட் என்று ஒரு ஆட்டக்காரன் இருந்தான். அவனை ஒரு குளிர்காலத்தில் விற்றுவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் கேட்டார். எழுந்து நின்று ஒருமுறை கைதட்டி அனுப்பக்கூட வாய்க்கவில்லையே என்ற குறை அவருக்குத் தீரவே இல்லை. பான்டோஜா போவதானால், போகும் நாளில் தன் இருக்கையில் தான் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூலை முப்பத்தொன்றுக்குப் பிறகு அணிகள் ஆளை மாற்றிக்கொள்ள முடியாது. அதற்கு முந்தின நாள், புதன் பிற்பகல், உள்ளூரில் ஒரு ஆட்டம். ஆர்லீனின் பேனா அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றது.

"எடு, எடு," என்றார் ரூடி. "எடுத்தா அவன் போறான்னு நீயே ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்."

ஆர்லீன் பேனாவை நகர்த்தி, வழக்கம்போலப் பருவத்தின் முதல் ஆட்டத்தை வட்டமிட்டார். ரூடி அந்தப் புதன்கிழமையை எடுப்பார் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். ரூடியோ சிகாகோக்காரர்கள் வரும் நாட்களை அள்ளினார், சனிக்கிழமைகளை அள்ளினார். மீன் ஆறி, தட்டில் எலுமிச்சைத் தோல் மட்டும் கிடந்தபோது அந்தப் புதன்தான் மிச்சம்.

"நீ ஏன் எடுக்கல?"

"வேலை நாள், மத்தியான வெயில். எவனுக்கு வேணும்?" ரூடி பில்லைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அந்தப் புதன்கிழமை சேர்ந்தே போனார்கள். ஐந்து இன்னிங்ஸ் வரை ரூடி ஓயவில்லை. பான்டோஜாவுக்கு எந்த அணி என்ன கொடுக்கும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேடம் போட்டவர்களின் வழக்கமான வேடிக்கை ஓட்டப் பந்தயம் முடிந்து, ஏழாவது இன்னிங்ஸுக்கு ஆட்டக்காரர்கள் களத்துக்கு வந்தபோது மூன்றாம் தளத்துக்கு வேறொரு பையன் ஓடி வந்தான்.

களத்தோரம் அணியினர் உட்காரும் டக்அவுட்டை ஆர்லீன் பார்த்தார். பயிற்சியாளர் பான்டோஜாவின் தோளில் கை போட்டிருந்தார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள். ஜூலைக் கடைசியில் டக்அவுட்டில் கட்டிப்பிடித்தால் என்ன அர்த்தமென்று அரங்கில் இருந்த குழந்தைக்கும் தெரியும்.

"வித்துட்டாங்க," என்று எழுந்தார் ஆர்லீன். அவர் தொடங்கிய கைதட்டல் வரிசை வரிசையாகப் பரவி அரங்கமே எழுந்து நின்றது. பான்டோஜா திகைத்துப் போய் மேலே பார்த்தான். தொப்பியைக் கழற்றி ஒருமுறை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினான். அதற்குப் பிறகும் ஆர்லீன் உள்ளங்கை காந்தும் வரை தட்டினார்.

பக்கத்தில் ரூடி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"வித்துத் தொலைக்கணும்னு சொன்ன வாய் எது?"

"சும்மா இரு, ஆர்லீன்."

எட்டாவது இன்னிங்ஸில் முன் வரிசைக்காரர் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்: "விக்கலைங்க! அவன் பொண்டாட்டிக்கு இடுப்பு வலியாம், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்!"

அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் பிடித்தது.

"அப்ப நான் ஒரு பிரசவத்துக்கா இப்படி அழுதேன்?" என்று மூக்கைச் சிந்தினார் ரூடி.

"நல்லாத்தான் அழுத. புள்ள பொறந்ததும் சொல்லி அனுப்பறேன்."

பெண் குழந்தை. மறுநாள் கெடு முடிந்தது. பான்டோஜாவை யாருக்கும் விற்கவில்லை. செப்டம்பர் கடைசி வாரம் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு அவன் ஆடாமலே பருவம் முடிந்தது. டிசம்பரில் மேற்குக் கரை அணி ஒன்று இருநூற்றுப் பத்து மில்லியனுக்கு அவனை எடுத்துக்கொண்டது.

அன்றும் ஆர்லீன் அடுப்படியில்தான் இருந்தார், அன்றும் வானொலியில்தான் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ரூடியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இருநூத்திப் பத்துதானே!" ரூடி கொதித்தார். "நம்மாளுங்க குடுத்திருக்கக் கூடாதா? கஞ்சப் பசங்க! உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. ஆனா நான்தான் ஜூலையிலயே எழுந்து நின்னு வழியனுப்பிட்டேனே," என்றார் ஆர்லீன். யோசித்துப் பார்த்தபோது அது உண்மையென்றே பட்டது. அடுப்புத் தீயைக் குறைத்துவிட்டு, ரூடி திட்டி முடிக்கும் வரை தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் மறுபடியும் மீன், பிராந்தி, நாள்காட்டி. மே மாதத்து வியாழன் ஒன்றில் அந்த மேற்குக் கரை அணி மில்வாக்கிக்கு வருகிறது. ஆர்லீன் முதல் ஆட்டத்தை வட்டமிட்டார். ரூடி சிகாகோ நாட்களை எடுத்தார். பேனா கை மாறிக்கொண்டே இருந்தது. அந்த வியாழனை இருவருமே தொடவில்லை.