கிருமிக்குப் பத்தியச் சாப்பாடு

பஸ்ஸுக்கு எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வரக்கண்டால் போதும், அறிவரசன் எழுந்துவிடுவார். தன் ஜன்னல், முன் சீட்டு, பின் சீட்டு என்று கைக்கு எட்டியதையெல்லாம் சாத்திவிட்டுத்தான் உட்காருவார். அரியலூரில் ஏறி பெரம்பலூரில் இறங்குவதற்குள் ஒரு தேகப்பயிற்சியே முடிந்திருக்கும். "தூசி சார், தூசி! ஒரு பொட்டுத் தூசியில எத்தன கிருமி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது" என்பார். தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? நான் தமிழ் வாத்தியார்.

அவர் எங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆசிரியர். தூசிக்கு இப்படிப் பயப்படும் மனிதர் நாள் முழுக்கச் செய்யும் வேலை, ஒரு கிருமிக்குச் சாப்பாடு தயாரிப்பது. நல்ல கிருமிதான். நிலக்கடலைக்கு வேரழுகல் வராமல் காக்கும். வழக்கமாக அதை விலைகூடிய இறைச்சிச் சாற்றில் வளர்ப்பார்கள். அந்த ஆடம்பரமெல்லாம் அதற்கு எதற்கு என்பது இவர் கட்சி. அதன் மரபணு முழுவதையும் வெளிநாட்டில் படித்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். பிரவுசிங் சென்டரில் தவம் கிடந்து அதை சி.டி.யில் இறக்கி வந்தார். எதை எதுவாக மாற்றிக்கொள்ள அந்தக் கிருமிக்குத் தெரியும் என்று அதிலிருந்து கணினியில் கணக்குப் போடுகிறார். "உள்ளயே ஆக்கிக்கத் தெரிஞ்சத நாம எதுக்குங்க குடுக்கணும்? தெரியாதத மட்டும் குடுத்தாப் போதும்." இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் கொஞ்சம் சர்க்கரையும் நாலைந்து உப்பும்தான் மிஞ்சின.

"கிருமிக்குத்தான் இந்தப் பத்தியமெல்லாம். இவருக்கு ஊறுகா இல்லாம ஒரு வாய் எறங்காது" என்பது அவர் மனைவி சிந்தாமணியின் வாக்குமூலம்.

இதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. கணினியில் கிருமி கொழுகொழுவென்று வளர்ந்தது. குடுவையில்தான் வம்பு. கிருமி பெருகினால் தெளிந்த நீர் பால்போல வெளுக்க வேண்டும். இவர் குடுவையோ கோயில் தீர்த்தம் மாதிரி அப்படியே இருந்தது. திருச்சியில் இருக்கும் வழிகாட்டிப் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள வளத்துக் காட்டுங்க. இல்லேன்னா வேற தலைப்பு பாருங்க." அத்தனை வருஷ உழைப்பும் போய்விடும். கேலி பேசிப் பழகிய எனக்கே பாவமாக இருந்தது.

போன மார்கழியில் ஒரு நாள் நல்ல கூட்டம். வரிசையாக லாரிகள் வர, இவர் வழக்கம்போல எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டார். கத்தரிக்காய்க் கூடையோடு நசுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா கத்தினார்: "யாருய்யா அது, எல்லாத்தையும் சாத்துனது? மூச்சு முட்டுது, தொறந்து வுடுய்யா!"

அறிவரசன் ஜன்னல்மேல் வைத்த கையோடு நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நான் ரப்பர் கார்க்க வச்சு அடைச்சுட்டேன் சார்" என்றார்.

விஷயம் இதுதான். மற்றக் குடுவைகளுக்கெல்லாம் வாயில் பஞ்சுதான் வைப்பார். அதன் வழியே காற்று போகும். தன் செல்லத் தயாரிப்புக்கு மட்டும் தூசி புகக்கூடாதென்று ரப்பரால் இறுக்கி, மேலே டேப்பும் சுற்றியிருக்கிறார். கணினியோ காற்று தாராளமாகக் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறது. சோற்றைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்தினால் யார்தான் சாப்பிடுவார்கள்?

அன்றைக்கே பஞ்சு வைத்துப் புதிதாக ஆரம்பித்தார். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடத்திக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார். குடுவை வெளுத்திருந்தது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. பெரிதாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவரோ, பஞ்சு நனையாதபடி குடுவையை மெல்லத் தோளில் சாய்த்து, பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரத் தட்டுவதுபோல, அதன் முதுகை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே அறைக்குள் நடந்தார்.