கூண்டை இறக்கியவர்

என் பெரியப்பா துறைமுகக் கொடிமரக் கோபுரத்தில் பத்தொன்பது வருடம் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவரைக் கயிற்றுக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். தெருவில் அவருக்குக் கூண்டுக்காரர் என்றுதான் பெயர். மளிகைக் கடையில், "கூண்டுக்காரரே, துணி காயப் போடலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிடுவார்.

கோபுரத்துக்கு நூற்றுப் பதினாறு படி. உச்சியில் ஒரு சின்ன அறை, தொலைநோக்கி, தொலைபேசி, கறுப்புத் துணி போர்த்திய பிரம்புக் கூண்டுகள். கூண்டு மேலே இருந்தால் எந்தப் படகும் துறைமுக வாயைத் தாண்டாது. அதை இறக்க அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும் என்பது விதி. ஆனால் அத்தனை படி ஏற எந்தப் பியூனுக்கும் மனசு வராது. அதனால் முதலில் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். சீட்டு சாயங்காலம் சாவகாசமாக வந்து சேரும். வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் மதியம் தொலைபேசியில், "இறக்கிடு" என்றார்கள். இறக்கினார். வாயருகே காத்திருந்த இழுவைப் படகு அதைப் பார்த்துவிட்டு வெளியே போயிற்று. அரை மணி நேரத்தில் காற்று திரும்பி அடித்தது. படகில் ஆறு பேர். மூன்றாம் நாள் பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின.

சீட்டு வரவேயில்லை. பேசியது யார் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். விசாரணையில் சொன்னார், அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. அப்படி யாரும் பேசவேயில்லை என்று அலுவலகமே சாதித்தது.

ஏழு வருடம் தேசம் தேசமாக அலைந்துவிட்டு நான் திரும்பிய வாரம், கோபுரத்தை அருங்காட்சியகமாக்கித் திறந்தார்கள். துறைமுகத்தின் வரலாற்றைப் பலகைகளில் எழுதி மாட்டியிருப்பதாகச் செய்தி. அதைக் கேட்டதிலிருந்து பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருப்பாங்க?"

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் பெரியப்பா."

"வேண்டாம். திட்டியிருந்தா நானே படிச்சுக்கறேன்."

பெரியம்மா உள்ளேயிருந்து, "படிச்சுட்டு அங்கேயே மயங்கி விழுங்க. அத்தனை படி தூக்கிட்டு இறங்க எவன் வருவான்?" என்றாள். சொல்லிவிட்டு, அவர் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டாள்.

நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். உச்சி அறைச் சுவரெல்லாம் பலகைகள்: கோபுரம் கட்டிய பொறியாளர், வணிகர் சங்கம், மாலுமிகள் மருத்துவமனை, வரிசையாகத் துறைமுக அதிகாரிகள். பெரியப்பா அந்த வருடத்தை விரல் வைத்துத் தேடினார். முந்தைய வருடம் புதிய பளுதூக்கி வந்திருந்தது. அடுத்த வருடம் சுங்கக் கட்டடம். நடுவில் எதுவும் இல்லை. கடைசிப் பலகையில், 'இக்கோபுரத்தின் காவலில் ஒரு படகுகூட மூழ்கியதில்லை' என்று இருந்தது.

எனக்குப் போன உயிர் வந்தது. "உங்க பேச்சே இல்ல பெரியப்பா. தப்பிச்சீங்க!"

அவர் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அவங்க சாகவே இல்லையா?" என்றார்.

நேராகப் பொறுப்பாளரின் மேசைக்குப் போனார். "சார், அந்தப் பலகையைத் திருத்தணும். ஆறு பேர் செத்தாங்க. கூண்டை இறக்கினது நான்தான். என் பேரைப் போட்டே எழுதுங்க."

பொறுப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, இதெல்லாம் மேலிடத்துல ஒப்புதல் வாங்கி அடிச்சது. உங்க கருத்து எதுவா இருந்தாலும் இந்த நோட்டுல எழுதிட்டுப் போங்க."

'படிகள் அதிகம்', 'கழிவறை வசதி தேவை' என்றெல்லாம் எழுதியிருந்த பக்கத்தில் பெரியப்பா தேதியைப் போட்டார். பிறகு ஒரு பெயர், அதன் பக்கத்தில் தகப்பன் பெயர், படகில் பார்த்த வேலை. பெயர்களில் தடுமாற்றமே இல்லை.

"ஐயா, ஒருத்தருக்கு ஒரு வரிதான்" என்றார் பொறுப்பாளர்.

"ஆமா சார். ஒருத்தருக்கு ஒண்ணுதான் எடுத்துக்கறேன்."

ஆறு வரி எழுதி முடித்தார். ஏழாவது வரியில் தன் பெயரை எழுதி, வேலை எழுதும் இடத்தில் 'கூண்டை இறக்கியவன்' என்று போட்டார்.